வணக்கம், நான் ஈஷா பேசுகிறேன்

என் பெயர் இசக்கியம்மாள். ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில், தாமிரபரணிக் கரையோரம் ஊர். எங்கள் தெருவில் நின்று "ஏ இசக்கி" என்று ஒரு சத்தம் கொடுத்தால் நாலு வீட்டிலிருந்து தலை நீளும். அப்படிப்பட்ட நான் இரண்டரை வருஷம், தினமும் எண்பது பேரிடம், "வணக்கம், நான் ஈஷா பேசுகிறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பெயர் வைத்தவர் என் முதல் டீம் லீடர். சேர்ந்த அன்று வீடியோ மீட்டிங்கில் மூன்று தடவை முயன்றார். இஷாக்கி என்றார், இசாக்யா என்றார், மூன்றாவதை எழுத்தில் எழுத முடியாது. "ஈஷா என்று வைத்துக்கொள்வோமா? கஸ்டமருக்கும் சுலபம்" என்றார். மணப்பாறையிலும் மன்னார்குடியிலும் இருக்கிற கஸ்டமருக்கு இசக்கியைவிட ஈஷா எப்படிச் சுலபம் என்று கேட்க வாய் வந்தது. மியூட்டில் இருந்தேன். அம்மாவிடம் சொன்னபோது, "குலசாமி பேரையா மாத்துதான்? சம்பளம் ஒழுங்கா குடுப்பானா, கேட்டுக்கிட்டியா?" என்றாள்.

சம்பளம் ஒழுங்காகத்தான் வந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். கையில் 13,800 ரூபாய். அதற்கு முன் தூத்துக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன், 9,000 ரூபாய், இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். பி.எஸ்சி. கணிதம் படித்தவளுக்கு எங்கள் பக்கம் கிடைத்தது அவ்வளவுதான்.

வேலை என்னவென்றால், பிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி விற்கிற ஒரு பெரிய கம்பெனியின் கஸ்டமர் கேர். நீங்கள் அந்த எண்ணுக்குப் போன் போட்டுத் தமிழைத் தேர்ந்தெடுத்தால், அழைப்பு அந்தக் கம்பெனிக்குப் போகாது. வடக்கே இருக்கிற ஒரு பிபிஓவுக்கு, அதாவது மற்ற கம்பெனிகளுக்காக அழைப்பு எடுத்துக்கொடுக்கிற கம்பெனிக்குப் போய், அங்கிருந்து எங்கள் வீட்டு மச்சுக்கு வரும். முன்பெல்லாம் இப்படி வீட்டில் உட்கார்ந்து கால் எடுப்பது லேசில் நடக்காது. தொலைத்தொடர்புத் துறையில் பதிவு, வங்கி உத்தரவாதம் என்று ஏகப்பட்ட கெடுபிடி இருந்தது. கொரோனா வந்த பிறகு 2020 நவம்பரில் அதையெல்லாம் எடுத்தார்கள், 2021 ஜூனில் இன்னும் தளர்த்தினார்கள். அந்த ஆகஸ்டில் எனக்குக் கூரியரில் லேப்டாப் வந்தது. மஞ்சள் குங்குமம் வைத்துத்தான் திறந்தோம்.

இரண்டரை வருஷத்தில் ஆறு டீம் லீடர்கள். ஒருத்தருக்கும் தமிழ் தெரியாது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, எனக்கும் இந்தி தெரியாது. ஆனால் தமிழ் தெரியாத ஒருவர் நான் பேசுவதை மேற்பார்வை பார்க்கிறார் என்றால், அவருக்கு அதில் என்ன தெரியும்? நீளம் தெரியும். நாலு நிமிடம் ஐம்பது விநாடி என்றால் நல்ல அழைப்பு. ஏழு நிமிடம் என்றால் கெட்ட அழைப்பு. உள்ளே என்ன நடந்தது, பிரிட்ஜ் ஓடியதா, அந்தப் பக்கம் இருந்தவர் அழுதாரா, நன்றி சொன்னாரா, அதெல்லாம் அவருக்கு வெறும் சத்தம்.

வரம்பு 5 நிமிடம். பேசுகிற நேரம், ஹோல்டில் போடுகிற நேரம், போனை வைத்த பிறகு குறிப்பு எழுதுகிற நேரம், மூன்றையும் கூட்டி ஏஹெச்டி என்பார்கள். அரை மணிக்கு ஒருதரம் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு அட்டவணை வரும். வரம்பு தாண்டியவர் பெயர் சிவப்பில் இருக்கும். ஈஷா முக்கால்வாசி நாள் சிவப்பு.

எழுந்து போவதற்கும் ஒரு பட்டன் உண்டு. ஆக்ஸ் என்று பெயர். டீக்கு 15 நிமிடம் இரண்டு தடவை, சாப்பாட்டுக்கு 30 நிமிடம், அப்புறம் 'பயோ', நாள் முழுவதுக்கும் சேர்த்து 10 நிமிடம். மூத்திரம் போவதற்கு அப்படி ஒரு மரியாதையான பேர். பதினோராவது நிமிடம் குரூப்பில் "ஈஷா?" என்று வரும். அவ்வளவுதான், பேரும் ஒரு கேள்விக்குறியும், முப்பது பேர் பார்க்க. மாசத்தில் மூன்று நாள் அந்தக் கேள்விக்குறிக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் 'நெட் போய்விட்டது' என்று எழுதுவேன். நான் சேர்ந்த அடுத்த மாதம்தான், 2021 செப்டம்பரில், கடை ஊழியர்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தினார்கள். ஜவுளிக்கடைத் தோழி போன் பண்ணி, "இனி நாங்களும் உன்ன மாதிரி உக்காரலாம்ட்டி" என்று சந்தோஷப்பட்டாள். எனக்கு எழுந்திரிக்க ஒரு சட்டம் வேண்டியிருந்தது.

பின்னணிச் சத்தம் இன்னொரு தலைவலி. கேட்டால் மார்க் குறைப்பார்கள். சேவல், குக்கர் விசில் எல்லாவற்றுக்கும் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை கோயில் கொடைத் திருவிழாவுக்கு என்ன செய்ய? கோயில் எங்கள் வீட்டிலிருந்து நாலாவது கட்டிடம். வில்லுப்பாட்டு மைக்கில் முழங்குகிறது, நான் போர்வையை மூடிக்கொண்டு உள்ளே இருந்து ஏசி கேஸ் நிரப்பும் கட்டணம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பக்கத்து அண்ணாச்சி, "கொஞ்சம் பொறும்மா, அந்தக் கதைய முடிக்கட்டும்" என்றார். அவருக்கும் வில்லுப்பாட்டு ஊர் போல.

ஒருநாள், எந்த ஷிப்டுக்கு எத்தனை ஆள் என்று கணக்குப் போடுகிற பிரிவிலிருந்து ஒரு எக்செல் தவறுதலாக எங்கள் குரூப்புக்கு வந்துவிட்டது. இரண்டு நிமிடத்தில் நீக்கினார்கள். அதற்குள் நான் இறக்கிவிட்டேன். அதில் ஒரு தாளுக்கு 'எர்லாங்' என்று பெயர். கணக்குப் படித்தவளுக்குக் கை சும்மா இருக்குமா? அன்று ராத்திரி உட்கார்ந்து தேடிப் படித்தேன். ஏ.கே. எர்லாங் டென்மார்க்காரர். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்தவர். எத்தனை பேர் போன் பண்ணினால் எத்தனை ஆள் வேண்டும், ஒருவர் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டிவரும் என்பதற்கு 1917-ல் சூத்திரம் எழுதிவைத்தார். நூறு வருஷம் தாண்டியும் உலகத்து கால் சென்டர்கள் எல்லாம் அதைவைத்துத்தான் ஆள் போடுகின்றன. எனக்குப் புல்லரித்துவிட்டது. கல்லூரியில் படித்ததற்கு முதல் தடவையாக ஒரு உபயோகம்!

எங்கள் காலை ஷிப்டுக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். மணிக்குச் சுமார் 120 அழைப்பு. ஒன்றுக்கு 5 நிமிடம் என்றால் 600 நிமிட வேலை, அதாவது 10 ஆள் ஒரு மணி நேரம் மூச்சு விடாமல் பேச வேண்டும். அப்படியானால் 10 பேர் போதுமே என்று தோன்றும். போதாது. அழைப்புகள் சொல்லிவைத்த மாதிரி ஒவ்வொன்றாக வருவதில்லை. கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி திமுதிமுவென்று வரும், அப்புறம் கொஞ்சம் ஓயும். 10 பேர் போட்டால் வரிசை வளர்ந்துகொண்டே போகும். 11 பேர் என்றால் போன் பண்ணுகிறவர் சராசரியாக 3 நிமிடம் 25 விநாடி காத்திருப்பார். 12 என்றால் 1 நிமிடம் 7 விநாடி. 14 என்றால் வெறும் 13 விநாடி. மூன்று ஆள் கூடினால் மூன்றரை நிமிடம் பதின்மூன்று விநாடியாகிவிடுகிறது.

நாங்கள் 11 பேர்.

மூன்றரை நிமிடம் அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டு காத்திருந்தவர் என்ன செய்வார்? முதலில் அரை நிமிடம் திட்டுவார். அந்த அரை நிமிடம் என் ஏஹெச்டியில் சேரும். 5 நிமிடம் ஐந்தரை ஆகும். 120 அழைப்பு, ஐந்தரை நிமிடம், 660 நிமிடம், 11 ஆள். கணக்குப்படி வரிசை முடியவே முடியாது. அதாவது ஆள் குறைவால் திட்டு, திட்டால் நேரம், நேரத்தால் என் பெயர் சிவப்பில். இதை அரைப் பக்கத்தில் எழுதி, ஒரு சின்ன அட்டவணையும் போட்டு, டீம் லீடருக்கு அனுப்பினேன். கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் ஒரு பொம்மை வந்தது. கீழே ஒரு வரி: "ஈஷா, ப்ளீஸ் கால்ஸ் எடுங்க."

தெரியாமல் செய்தார்கள் என்று சொல்ல முடியாது. அந்த எக்செல்லிலேயே 'தேவை' என்ற கட்டத்தில் 14 இருந்தது. பக்கத்துக் கட்டத்தில் 11.

இப்போது டீச்சரைப் பற்றிச் சொல்கிறேன். 2023 மே, அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தது.

"ஏம்மா, பதினோராவது தடவையா கூப்பிடுறேன். கோபமெல்லாம் பட மாட்டேன், பயப்படாதே" என்றுதான் ஆரம்பித்தார். மன்னார்குடி. ரிட்டையர்டு ஹெட்மிஸ்ட்ரஸ், 74 வயசு, தனியாக இருக்கிறார். பிரிட்ஜ் வாங்கி எட்டு மாதம். குளிர்வது நின்று ஒன்பது நாள். மெக்கானிக் ஒருவர் வந்து, பின்பக்கம் கழற்றிப் பார்த்து, "கம்ப்ரஸர் போச்சும்மா, ஆர்டர் போடணும்" என்று சொல்லி, டீச்சரின் போனுக்கு வந்த ஒரு நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. அந்த நம்பருக்குப் பெயர் ஹாப்பி கோட். வேலை முடிந்தது, எனக்கு மகிழ்ச்சி என்பதற்கு அத்தாட்சியாக வாடிக்கையாளர் சொல்ல வேண்டியது. மெக்கானிக்குக்கும் நாளைக்கு இத்தனை புகார் முடிக்க வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கும், அவருக்கும் எங்கேயோ ஒரு சிவப்பு அட்டவணை வரும். ஆகவே டீச்சரின் புகார் என் திரையில் பச்சையாக இருந்தது: முடிந்தது, வாடிக்கையாளர் திருப்தி. அதற்கப்புறம் அவர் போன் பண்ணிய பத்துத் தடவையும் எங்களில் யாரோ ஒருவர், "24 முதல் 48 மணி நேரத்துக்குள் தொடர்பு கொள்வார்கள்" என்று சொல்லி 5 நிமிடத்துக்குள் முடித்திருக்கிறோம். அதில் ஒன்று நானாகக்கூட இருந்திருக்கலாம். எண்பது பேரில் ஞாபகம் இருக்காது.

முடிந்த புகாரைத் திரும்பத் திறக்க டீம் லீடர் அனுமதி வேண்டும். புதுசாகப் போட்டால் 'ரிப்பீட்' என்று என் கணக்கில் ஏறும். அனுமதி கேட்டுச் சாட்டில் எழுதினேன். பதில் இல்லை. ஹோல்டில் போட்டுக் காத்திருக்கலாம் என்றால் அதற்கும் 60 விநாடிதான் வரம்பு. பேசிக்கொண்டே காத்திருந்தேன்.

"இன்னொண்ணு கேக்கணும்மா. இன்சுலின் வச்சிருக்கேன் அதுல. பிரிக்காதது நாலு இருக்கு. தூக்கிப் போட்டுடணுமா? மருந்துக் கடையில கேட்டா புதுசு வாங்கிக்கங்கன்றான். அவன் வேற என்ன சொல்லுவான்?"

இந்த இடத்தில் நான் சொல்ல வேண்டியது என்னவென்று மனப்பாடம். "தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்திற்கு மனமார வருந்துகிறோம். தங்கள் கவலையை என்னால் முழுமையாகப் புரிந்துகொள்ள முடிகிறது." எம்பதி ஸ்டேட்மென்ட் என்பார்கள். முதல் 30 விநாடிக்குள் சொல்லியாக வேண்டும். ஒருதரம் காரைக்குடி அம்மா ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "கவலை எனக்கில்ல தாயி, மெஷினுக்குள்ள பட்டுப்புடவை மாட்டிக்கிட்டு இருக்கு, கதவத் தொறக்க வழி சொல்லு" என்றார். டீச்சரிடம் அது வாயில் வரவில்லை.

எங்கள் அப்பாவுக்குப் பன்னிரண்டு வருஷமாக இன்சுலின். வீட்டில் பிரிட்ஜ் வாங்கியதே அதற்காகத்தான். தெரிந்ததைச் சொன்னேன். பிரிக்காதது 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். குத்திக்கொண்டிருக்கிற பேனா வெயில் படாத இடத்தில் வெளியே சுமார் நாலு வாரம் தாங்கும், ஆனால் இந்த மே மாத வெக்கை அதற்கும் ஆகாது. ஒன்பது நாள் சூடான பிரிட்ஜில் கிடந்ததைப் பற்றி டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். இனி வாங்குவதைப் பக்கத்து வீட்டு பிரிட்ஜில் வைக்கலாம், ஃப்ரீசரில் மட்டும் கூடாது, உறைந்தால் வீண். கையில் இருக்கிற பேனாவுக்கு ஒரு மண்பானை போதும். பானையில் பாதிக்கு மணலைப் போட்டு நனைத்து, அதற்குள் ஒரு சின்னக் கலயம், கலயத்துக்குள் மருந்து, மேலே ஈரத்துணி, நிழலில் காற்றுப்படுகிற இடம். கரண்ட் போகிற நாளில் அம்மா செய்வது.

"இரு, எழுதிக்கறேன்" என்றார். பேனாவைத் தேடினார். கண்ணாடியைத் தேடினார். நான் சொல்லச் சொல்ல, அவர் திருப்பி வாசித்துக் காட்டினார், டிக்டேஷன் மாதிரி. அதற்குள் என் திரையின் ஓரத்தில் டீம் லீடர் ஐந்து தடவை "ரேப் அப்", அதாவது பேச்சை முடி, என்று எழுதிவிட்டார். அனுமதி கேட்டபோது பதில் போடாத அதே ஆள்.

முடிக்கும்போது, "ஈஷான்னு சொன்னியே, வடநாடா நீ? பேச்சு அப்படி இல்லையே" என்றார்.

"இல்ல டீச்சர். நெசப் பேரு இசக்கியம்மாள்."

"அப்படிச் சொல்லு. நல்ல பேர். மார்க் கேட்டு மெசேஜ் வருமாமே, வந்தா போட்டுடறேன்."

19 நிமிடம் 40 விநாடி.

மார்க்கைப் பற்றி ஒன்று. ஒவ்வொரு அழைப்புக்குப் பின்னும் 1 முதல் 5 வரை மதிப்பிடச் சொல்லி எஸ்எம்எஸ் போகும். அதில் 5 வந்தால்தான் எங்களுக்குக் கணக்கு. 4-ம் ஒன்றுதான், 1-ம் ஒன்றுதான், இரண்டும் தோல்வி. நம் ஊர்க்காரர்களுக்கு இது தெரியாது. ரொம்பத் திருப்தியாக இருந்தால் 4 கொடுப்பார்கள். முழு மார்க் போடுவது நம் பழக்கத்திலேயே கிடையாது. டீச்சர் 4 போட்டிருந்தார்.

தணிக்கை செய்கிற குவாலிட்டி பிரிவில் தமிழ் தெரிந்த ஒரு அம்மா உண்டு. நல்லவர்தான். அவர் கையில் கொடுத்திருந்த படிவத்தில் எம்பதி ஸ்டேட்மென்ட் சொன்னாரா, ஆம் அல்லது இல்லை. இல்லை. அங்கீகரிக்காத பெயர் சொன்னது ஒன்று, மருத்துவ ஆலோசனை கொடுத்தது ஒன்று. இரண்டும் ஃபேட்டல் என்ற வகை, ஒன்று இருந்தாலே மொத்த மார்க்கும் போய்விடும். அழைப்புக்கு நூற்றுக்குப் பூஜ்யம்.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நான் இன்னொன்றும் செய்தேன். பழைய மெயில் ஒன்றில் அந்தக் கம்பெனியின் டெல்டா பகுதி சர்வீஸ் பொறுப்பாளர் முகவரி கிடந்தது. அவருக்கு நேராக நாலு வரி எழுதினேன். மூன்றாம் நாள் கம்ப்ரஸர் மாற்றியாகிவிட்டது என்று திரையில் வந்தது. ஐந்தாம் நாள் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கிளையன்ட்டை நேரடியாகத் தொடர்புகொள்வது ஒழுங்கு மீறல். ஹெச்ஆர் வீடியோவில் கூப்பிட்டார். "பிரிட்ஜ் சரியாகிவிட்டது மேடம்" என்றேன். "அது இங்கே விஷயமில்லை" என்றார். உண்மையைத்தான் சொன்னார். அங்கே எதிலும் பிரிட்ஜ் விஷயமாக இருந்ததில்லை.

முடிவெடுக்கிற அதிகாரம் உள்ள ஒரு வரிசை இருக்கத்தான் செய்தது. வாடிக்கையாளர் வாயிலிருந்து 'கன்ஸ்யூமர் கோர்ட்' என்றோ '1915' என்றோ வந்துவிட்டால், ஒரு பட்டனை அழுத்தி அங்கே தள்ளிவிட வேண்டும். அங்கே இருக்கிறவர்கள் புதுப் பொருள் கொடுக்கலாம், பணம் திருப்பலாம். நாங்களாக அந்தச் சொற்களை எடுக்கக் கூடாது. ஆகவே சட்டம் பேசியவர்களுக்கு இரண்டு நாளில் தீர்வு. "கோபப்பட மாட்டேன், பயப்படாதே" என்றவர்களுக்கு 24 முதல் 48 மணி நேரம். இப்போது நான் அங்கே இல்லை, சொல்லலாம்: 1915 தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். டீச்சரிடம் அன்று சொல்லியிருக்க வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே மார்க் இல்லை என்று அப்போது தெரியாது.

அந்த வருஷம் டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் மாவட்டக்காரர்களுக்குத் தேதி சொன்னால் போதும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை. எங்களுக்கு ஒரு வருஷத்தில் பெய்வதைவிட அதிகம். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு மாட்டிக்கொண்டது. அன்று ராத்திரி எங்கள் வீட்டுக்குள் ஆறு வந்தது. அப்பாவை மச்சுக்கு ஏற்றினோம், அரிசி மூட்டையை ஏற்றினோம், அம்மா பானையும் கலயமுமாக இன்சுலினைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கீழே அடுக்களையில் பிரிட்ஜ் மெதுவாகச் சாய்ந்து, மல்லாந்து, மிதக்க ஆரம்பித்தது. டார்ச் அடித்துப் பார்த்தோம். கதவில் ஒட்டியிருந்த காந்த மாம்பழம் அப்படியே இருந்தது.

கரண்ட் இல்லை, டவர் இல்லை. திங்கட்கிழமை மத்தியானம் ஒரு கோடு சிக்னல் வந்தது. போன் சார்ஜ் 9 சதவீதம். பதினேழு மெசேஜ். முதல் ஆறு: "ஈஷா?" அப்புறம், நீங்கள் என்சிஎன்எஸ், அதாவது சொல்லாமல் கொள்ளாமல் வராதவர். கடைசியில், மின்தடைக்கு மின்வாரியக் கடிதமும், நேரம் தெரிகிற மாதிரி போட்டோவும் அனுப்பவும். மின்வாரிய அலுவலகத்துக்குப் படகில்தான் போக வேண்டும். மிதக்கிற பிரிட்ஜைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். அது போய்ச்சேர்ந்ததா என்று பார்ப்பதற்குள் சிக்னல் போய்விட்டது.

ஐந்து நாள் கழித்துக் கரண்ட் வந்தது. ஐந்து நாள் சம்பளமும், சொல்லாமல் போனதற்கு அபராதமாக இன்னொரு நாளும் பிடித்திருந்தார்கள். அப்போது இருந்த டீம் லீடர் ஆறாவது ஆள், பாட்னாப் பையன், 24 வயசு. குரூப்பில் எதுவும் சொல்லவில்லை. தனியாக ஆங்கிலத்தில் எழுதியிருந்தான்: போட்டோ பார்த்தேன் தீதி, மன்னித்துவிடுங்கள், சிஸ்டம் தானாகப் போட்டுவிடுகிறது, எனக்கு மாற்ற அனுமதி இல்லை. அவனிடம் கோபப்பட எனக்கு என்ன இருக்கிறது? எனக்குக் கொடுத்திருந்த அதே அதிகாரம்தான் அவனுக்கும்.

வேலையை விட்டது அதனால் இல்லை. ஜனவரியில் வெள்ளத்து அழைப்புகள் வர ஆரம்பித்தன. தூத்துக்குடி, ஏரல், ஆத்தூர், ஸ்ரீவைகுண்டம். எல்லாருக்கும் ஒரே பதில், எழுதிக் கொடுத்திருந்தார்கள்: இயற்கைச் சீற்றத்தால் ஏற்படும் பழுது வாரன்டியில் வராது. ஏரலிலிருந்து ஒரு அண்ணன். கடன் வாங்கிப் போட்ட ஐஸ்கிரீம் பெட்டி, மூன்று நாள் தண்ணீருக்குள். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அப்புறம், "தாயி, பேச்சப் பாத்தா நம்ம பக்கத்துப் பிள்ள மாதிரி இருக்கே. நீயும் வெள்ளத்துல கெடந்தியா?" என்றார்.

எங்கிருந்து பேசுகிறோம் என்று சொல்லக் கூடாது. அன்றைக்கு எச்சரிக்கைக் கடிதத்துக்குப் பிறகான தகுதிகாண் காலத்தில் இருந்தேன். கீழே அம்மா சுவரில் சேற்றுக்கோட்டைச் சுரண்டிக்கொண்டிருக்கிற சத்தம் கேட்கிறது.

"நான் கஸ்டமர் கேரிலிருந்து பேசுகிறேன் சார்" என்றேன்.

"சரி தாயி" என்று வைத்துவிட்டார். 3 நிமிடம் 12 விநாடி. அந்த அரை மணி அட்டவணையில் என் பெயர் பச்சையில் வந்தது.

மார்ச்சில் எழுதிக் கொடுத்தேன். இப்போது திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன், சம்பளம் ஆயிரம் ரூபாய் குறைவு, முதலாளிக்குக் கத்துகிற சுபாவம். ஆனால் தமிழில் கத்துகிறார், எதற்கென்று புரிகிறது.

லேப்டாப்பை எடுத்துக்கொள்ள ஆள் வர ஏழு வாரம் ஆனது. அது போய்ச்சேர்ந்தால்தான் பாக்கிச் சம்பளம். 71-ஆவது நாள் பணம் வந்தது, ஹெட்செட் பஞ்சு தேய்மானம் என்று 340 ரூபாய் பிடித்துக்கொண்டு. பத்து நிமிடத்தில் ஹெச்ஆர் பிரிவிலிருந்து ஒரு எஸ்எம்எஸ். அன்புள்ள ஈஷா, உங்கள் கோரிக்கை முடிக்கப்பட்டது, எங்கள் சேவையை 1 முதல் 5 வரை மதிப்பிடவும்.

1 போட விரல் போனது. அப்புறம் யோசித்து, 4 போட்டேன்.